ஜமீன் மகனாக மாறிய ஏழை

கே.கே. நகர் அண்ணா பிரதான சாலையில் போகிறவர்கள் பலருக்கும் அந்த அண்ணா நாடகம் எழுதியவர் என்பது சட்டென்று நினைவுக்கு வராது. அவருடைய 'வேலைக்காரி'யில் ஒரு துணிச்சலான ஆள்மாறாட்டம் உண்டு. ஜமீன்தார் வேதாசலம் கடனுக்காக நெருக்கியதில் ஆனந்தனின் அப்பா தூக்கில் தொங்குகிறார். பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தன் கையில் அகப்படுவது ஒரு மூட்டை. உள்ளே பரமானந்தம் என்ற பணக்கார வாலிபனின் பிணம்! அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் நடுவே உலவுகிறான். பரமானந்தத்தின் தாய்க்குக் கண் தெரியாதது அவனுக்கு வசதி. கடைசியில் வேதாசலத்துக்கே மருமகனாகிவிடுகிறான்.

மேடையில் ஆனந்தனாக நின்றவர் நடிப்பிசைப் புலவர் கே.ஆர். ராமசாமி; பாய்ஸ் கம்பெனியில் தேர்ந்த நடிகர், சொந்தக் குரலிலேயே பாடுவார். இந்தக் கதையை ஒத்த ஒன்று வெளிநாட்டிலும் உண்டு: 2014-ல் அமெரிக்காவின் டோனி விருது பெற்ற ஓர் இசை நாடகத்திலும் ஓர் ஏழை வாலிபன் பிரபு பட்டத்துக்கு ஆசைப்படுகிறான். குறுக்கே நிற்கும் எட்டு உறவினர்களாகவும் ஒரே நடிகர் வருவார். வேடிக்கைதான், ஆனால் அந்த வாலிபனுக்குப் பட்டம் போதும். ஆனந்தனுக்கு நியாயம் வேண்டியிருந்தது. அந்த வகையில் நம்முடையதே கனமான நாடகம்.

'வேலைக்காரி' 1949-ல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் ஜுபிடர் பிக்சர்ஸ் படமாக வந்தது. அதிலும் ராமசாமிதான் ஆனந்தன்.