பீதாம்பரி நீலம்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையைக் கடந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய சாலைக் கம்போளத்துக்குள் நுழைகிறவர்கள், அரிசி மண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே, தமிழ் பேசும் வணிகர்களும் பொற்கொல்லர்களும் நெடுங்காலமாகத் தொழில் நடத்திவரும் நகைக்கடைகளைக் காண்பார்கள். நவரத்தினம் வாங்க வருகிறவர் இந்திரநீலத்தைச் சனிக்கும் கனக புஷ்பராகத்தைக் குருவுக்கும் உரியவையாகப் பிரித்தே கேட்பார். ஆயினும் இவ்விரண்டும் குருந்தம் என்னும் ஒரே தாதுப்பொருளின் வர்ண பேதங்கள்தாம் என்பதும், அபூர்வமாக இயற்கை இவ்விரு நிறங்களையும் ஒரே கல்லில் அருகருகே வைத்துவிடுகிறது என்பதும் வாங்குகிறவர்களில் பலர் அறியாத செய்தி. நீலமும் மஞ்சளும் கூடிய அந்தக் கல்லுக்கு வடநாட்டு ரத்தின வணிகர்கள் இட்ட பெயர் பீதாம்பரி நீலம். நீலமேனியில் பொன்னாடை தரித்த திருமாலின் திருக்கோலத்தை நினைந்து இட்ட பெயர். அனந்தசயனனின் ஊரில் இருந்து இந்தக் கல்லைப் பற்றி எழுதுவது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருகிறது.

நல்ல பீதாம்பரி ஒன்றை வெயில் நேரே விழாத, வெளிச்சம் நிறைந்த வடக்குச் சாளரத்தருகே வைத்து நோக்கினால், ஒரு பாதியில் ஆழ்ந்த நீலமும் மறுபாதியில் தெளிந்த பொன்மஞ்சளும் விளங்குவதைக் காணலாம். அவ்விரண்டும் சந்திக்கும் எல்லை சில கற்களில் கசவு முண்டின் கரையைப்போலத் திட்டவட்டமாக இருக்கும். வேறு சிலவற்றில் நீலம் மெல்ல வெளிறி, நிறமற்ற ஓர் இடைவெளியைக் கடந்தோ, பசுமை தோய்ந்த ஒரு நிழலைக் கடந்தோ மஞ்சளில் கலக்கும். கல்லைத் திருப்புகையில் நிறம் சற்று மாறித் தோன்றுவது எல்லா நீலக்கற்களுக்கும் உரிய குணம். பகலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் காட்சி தரும் அலெக்ஸாண்டிரைட்டின் விசித்திரமும் வேறு. இருவண்ண நீலத்தில் அந்த எல்லை கல்லுக்குள்ளேயே நிலைபெற்றிருப்பது. எந்தப் பக்கம் திருப்பினாலும், எந்த விளக்கில் காட்டினாலும், அது இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இதன் காரணத்தை விளக்க வேண்டுமானால் அந்தப் படிகம் வளர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். குருந்தம் என்பது அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து உண்டான பொருள். தூய நிலையில் அதற்கு நிறமே கிடையாது. பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்கு இரும்பும் டைட்டானியமும் உட்புகுந்துவிட்டால், அவற்றின் அணுக்களிடையே எலெக்ட்ரான் தாவும் வினையில் ஒளியின் சிவப்பும் மஞ்சளும் விழுங்கப்பட, எஞ்சும் நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. டைட்டானியத்தின் துணையின்றி இரும்பு மட்டும் இருந்தாலோ, அணுக்கோப்பில் ஒருவகைக் குறை நேர்ந்திருந்தாலோ மஞ்சள் தோன்றுகிறது. குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். பூமியின் ஆழத்தில் ஆறு பக்கப் படிகமாக அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டிருந்த ஒரு கல்லுக்கு, வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் கிடைத்துவந்த டைட்டானியம் அடுத்த கட்டத்தில் கிடைக்காமற் போனால், அந்த மாறுதல் நடந்த எல்லையை அது தன் உடலிலேயே வரைந்துகொள்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு ரசாயன மாற்றத்தை விரல்நகத்தினும் சிறிய ஒரு பொருளில் நேருக்கு நேர் காண்கிறோம் என்ற எண்ணமே, இதன் விலையைக் காட்டிலும் என்னை அதிகமாகக் கவர்கிறது.

2011-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டதிலிருந்து திருவனந்தபுரம் என்றவுடன் உலகத்தார் ரத்தினக் குவியலையே நினைக்கிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்து மண்ணே ரத்தினம் விளைவிப்பது. இங்கே புகழ்பெற்றது நீலமன்று, வைடூரியமும் அலெக்ஸாண்டிரைட்டும் சேர்ந்த கிரைசோபெரில் இனம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலத்தில் தென்கேரளமும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த காலத்தில், அளவற்ற வெப்பமும் அழுத்தமும் பாறைகளை உருமாற்றின. இன்று இலங்கையின் இரத்தினபுரி வயல்களில் குழி தோண்டி, 'இல்லம்' என்னும் சரளை மண்ணைக் கூடையிலிட்டு அலசி எடுக்கப்படும் நீலக்கல் அந்த உருமாற்றத்தின் சந்ததி. இருவண்ணக் கற்களில் பல வருவது அங்கிருந்துதான். பேருவளையின் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களும் நம் காயல்பட்டினத்தாரும் இந்த வியாபாரத்தில் தலைமுறைகளாகக் கைதேர்ந்தவர்கள். பழமையும் குறைந்ததன்று: கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், சேரநாட்டு முசிறியிலிருந்தும் நெல்கிண்டாவிலிருந்தும் ஏற்றுமதியான பண்டங்களில் நீலத்தையும் சேர்க்கிறது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணல் அகழ்வாய்விலும் நீலக்கல் கிடைத்துள்ளது.

இனிப் பட்டை தீட்டுவோனின் பொறுப்புக்கு வருவோம். இலங்கையின் சாணைக்காரர்களுக்கு ஒரு பழைய சாமர்த்தியம் உண்டு: நிறம் ஒரு மூலையில் மட்டும் இருக்கும் கல்லை, அந்த மூலை அடிநுனியில் அமையுமாறு வெட்டிவிட்டால், உள்ளே சென்று திரும்பும் ஒளியெல்லாம் அந்த நிறத்தை ஏந்திவர, மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் முழுவதும் நீலமாகவே தெரியும். வெளிறிய கல்லுக்கு இது தகும். பீதாம்பரிக்கு இதைச் செய்வது அபசாரம் என்றே கருதுகிறேன். வட்டமாகப் பல பட்டை தீட்டினாலும் ஒரு பாதியின் ஒளி மறுபாதியில் பிரதிபலித்து, இரண்டும் கலங்கிப் பச்சையாகிவிடும். நீள்சதுரமாக, மூலைகளைச் சற்றே தறித்து, படிப்படியாக இறங்கும் பட்டைகளுடன், வர்ண எல்லை நீளத்தின் குறுக்கே நடுவில் விழும்படி வெட்டுவதே முறை. அதற்காகச் சாணையில் கரைந்துபோகும் எடையை எண்ணி வருந்தக்கூடாது.

கல் பதிப்பதிலும் இதே விவேகம் வேண்டும். கோயில் நகைகளில் செய்வதுபோல் பின்புறத்தை மூடி, அரக்கு நிரப்பி, கல்லின் அடியில் பளபளக்கும் தகடு வைத்தால், தகட்டின் நிறம் கல் முழுவதும் ஏறிவிடும். கெம்புக்கு அழகு தரும் அந்த வேலை இந்தக் கல்லின் ஒரு பாதியைக் கொன்றுவிடும். சுற்றிலும் கனமான மஞ்சள் தங்க விளிம்பு கட்டினாலோ, பொன்னின் சாயல் நீலத்தில் படிந்து அதைக் கறுக்கச் செய்யும். நான்கு மூலைகளிலும் மெல்லிய நகங்கள் மாத்திரம் பிடித்திருக்க, அடியும் பக்கங்களும் திறந்திருக்கும் அமைப்பே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது; கல் மேனியில் பட வேண்டும் என்ற ஜோதிட நம்பிக்கை உடையவர்களுக்கும் அது ஒத்துவரும். குருந்தம் வைரத்துக்கு அடுத்தபடியான கடினம், ஒன்பது, உடையதாதலால் மோதிரத்துக்கும் தாங்கும். எனினும் பதக்கத்தில் எல்லைக்கோடு கிடையாக அமைந்து, நீலம் மேலும் மஞ்சள் கீழுமாகத் தொங்குவது தனி சோபை.

பதித்தபின் கல்லைத் தனியே எடைபோட இயலாது. ஆகையால் பரிசோதனை முன்னரே நடக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் கல்லை இட்டு, அடியில் வெள்ளைக் காகிதம் வைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், இயற்கைக் கல்லில் வர்ணப் பட்டைகள் நேராக ஓடி, கோணமாக முறிவதைப் பெரும்பாலும் காணலாம்; வளைந்து ஓடினால் அது உலையில் பிறந்த கல். நிறம் பட்டைகளின் வெளி உருவத்தையே தொடர்ந்து சென்றால், அது சூளையில் ஊட்டப்பட்ட நிறம். எல்லைத் தளத்தில் காற்றுக் குமிழிகள் தென்பட்டால், இரு துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். சூடேற்றியதா, பெரிலியம் ஊட்டியதா என்பதை ஆய்வுக்கூடமே சொல்ல முடியும். ஆதலால் எடையும் தன்மையும் குறித்த சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கல்லைப் பொற்கொல்லரிடம் கொடுக்கலாம்.