செவிலிமேட்டுப் பட்டும் திருப்பூர்ப் பஞ்சுத்தூசியும்

புடவை அசல் பட்டுதானா என்று காஞ்சிபுரம் பக்கம் சந்தேகம் வந்தால், ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். முடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசம் வந்தால் பருத்தி.

துணிக் கழிவிலிருந்து நானோசெல்லுலோஸ் எடுக்கும் பேச்சில், காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள் ஓடும் செவிலிமேட்டுக்கு ஏன் இடமில்லை என்பதற்கும் இதுதான் விடை. பட்டு, தலைமுடியைப் போலவே புரதம். அதில் செல்லுலோஸே கிடையாது. தறியடியில் சேரும் பட்டு நூல் துண்டை எந்த அமிலத்தில் போட்டாலும் நானோசெல்லுலோஸ் வராது.

பருத்தியோ 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். ஆகவே திருப்பூருக்குத்தான் போக வேண்டும். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டை வெளுத்து, சுமார் 64 சதவீதக் கந்தக அமிலத்தில் 45 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் கலக்கினால், இழையில் ஒழுங்கு குலைந்த பகுதிகளை அமிலம் கரைத்துவிடும். நெருக்கமாக அடுக்கிய பகுதிகள் தப்பித்து, ஊசி வடிவ நானோசெல்லுலோஸ் படிகங்களாக மிஞ்சும். நீளம் சில நூறு நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்! காகிதத்துக்கு வலு, பெயின்ட்டுக்குக் கெட்டித்தன்மை, உணவுப் பொட்டலத்துக்குக் காற்றுத் தடுப்பு என்று நானோசெல்லுலோஸுக்கு வேலை நிறைய. ஜப்பானில் ஜெல் பேனா மையிலேயே கலந்துவிட்டார்கள்.

மும்பையில் 1924-இல் தொடங்கிய மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், 2015-இல் நாளுக்கு 10 கிலோ எடுக்கும் முன்னோடி ஆலையைத் திறந்தது. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சுதான் அங்கே மூலப்பொருள்.

திருப்பூரின் நல்ல கட்டிங் வேஸ்டை நானோசெல்லுலோஸ் எடுக்கக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஓப்பன் எண்ட் மில்கள் அதை வாங்கி மறுபடி நூலாக்கி, ஏற்கெனவே பலருக்குச் சோறு போடுகின்றன. நூற்க நீளம் போதாத பஞ்சுத்தூசி, சாயம் ஏறிய துணுக்கு, இவை போதும். பாலியஸ்டர் கலந்ததென்றால் முதலில் பிரித்தாக வேண்டும். அது தனிப் பாடு.

அதைவிடப் பெரிய தலைவலி, அலசும் தண்ணீரோடு வெளியேறும் அமிலம். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் அது. அமிலத்தைத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத ஆலை அங்கே கால் வைக்கக் கூடாது. நொதியைக் கொண்டு இளக்கி, இயந்திர அழுத்தத்தால் இழை பிரிக்கும் வழியும் இருக்கிறது. கழிவுநீர்த் தொல்லை குறையும். கரண்ட் பில்தான் எகிறும்.