கம்பியைக் கடக்கும் கப்பல்

பெரிஸ்கோப் வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாகக் கம்பிபோல மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. நீர்மூழ்கி ஊர்கிறது, அவ்வளவுதான். அதன் மூக்கு அந்தக் கோட்டின் திசையிலேயே நேராக நிற்கிறது. வலப்பக்கமிருந்து ஒரு சரக்குக் கப்பல் வருகிறது. அதன் முன்முனை கோட்டில் பட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறேன். முன்கொடிமரம் கடக்கிறது, புகைபோக்கி கடக்கிறது, சாவகாசமாகப் பின்முனையும் கடக்கிறது. மறுபடி அழுத்துகிறேன். 24 நொடி.

நான் இருப்பது அட்லாண்டிக்கில் அல்ல, வீட்டு மேசைக்கு முன்னால். திரையில் ஓடுவது 2005-இல் வெளியான ‘சைலன்ட் ஹன்டர் 3’. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றை நம் பொறுப்பில் விட்டுவிடும் விளையாட்டு. புதிதாக வருகிறவர்களுக்குக் கணக்கையெல்லாம் விளையாட்டே போட்டுக் கொடுத்துவிடும். அந்த உதவியை அணைத்துவிட்டால் கதை வேறு. எதிரே போகும் கப்பல் எந்தப் பக்கம், என்ன வேகத்தில், எவ்வளவு தூரத்தில் போகிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருப்பவை ஒரு கண்ணாடி, ஒரு கடிகாரம், கப்பல்களின் படமும் அளவும் அடங்கிய ஒரு கையேடு. குண்டு வெடிப்பதைவிட இந்தக் கணக்குக்காகவே இதை விளையாடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டம்.

24 நொடிக்கு வருவோம். கையேட்டைப் புரட்டினால், அது லிபர்ட்டி வகைக் கப்பல். போர்க்காலத்தில் அமெரிக்கா ஒரே வார்ப்பில் வார்த்ததுபோல 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டித் தள்ளியது. நீளம் ஏறத்தாழ 135 மீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் நொடிக்கு 5.6 மீட்டர். கடலில் வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வார்கள். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் போனால் ஒரு நாட். நொடிக்கணக்கில் அது அரை மீட்டருக்குச் சற்று மேல். ஆக, நம் கப்பலின் வேகம் கிட்டத்தட்ட 11 நாட். லிபர்ட்டி கப்பலால் ஓட முடிந்ததே அவ்வளவுதான்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, இதற்குத் தேவைப்படாதவற்றின் பட்டியல். கப்பல் 800 மீட்டரில் இருந்தாலும் 3,000 மீட்டரில் இருந்தாலும் அதே 24 நொடிதான். குறுக்கே போனாலும் சாய்வாகப் போனாலும் அதே 24 நொடி. ரயில்வே கேட்டில் நின்று எதிரே ஒரு கம்பத்தை மட்டும் வைத்த கண் வாங்காமல் பாருங்கள். இன்ஜின் மூக்கு கம்பத்தை மறைத்ததிலிருந்து கடைசிப் பெட்டியின் மஞ்சள் ‘எக்ஸ்’ குறி தாண்டும்வரை ஆகும் நேரத்தை ரயிலின் நீளமும் வேகமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. நீங்கள் தண்டவாளத்துக்கு நேராக நிற்கிறீர்களா, கோணலாக நிற்கிறீர்களா என்பது ரயிலுக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, பார்வைக் கோடு நகரக் கூடாது. அந்தக் கால நீர்மூழ்கிக்கு அசையாமல் ஒரே ஆழத்தில் நிற்பது கஷ்டம். கொஞ்சமாவது ஊர்ந்தால்தான் ஆழம் நிலைக்கும். அதனால்தான் மூக்கைக் கோட்டின் திசையிலேயே வைத்தேன். கோட்டின் மேலேயே முன்னே நகர்ந்தால் கோடு நகராது.

வேகத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவானேன்? டார்பிடோ மெதுவான ஆயுதம். ஜெர்மானியரின் மின்சார டார்பிடோ 30 நாட் வேகத்தில் போனது. 1,000 மீட்டரைக் கடக்க 65 நொடி. அதற்குள் நம் லிபர்ட்டி 365 மீட்டர் நகர்ந்துவிடும், அதன் சொந்த நீளத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. எனவே கப்பலைப் பார்த்துச் சுடக் கூடாது. அதற்கு முன்னால் கிடக்கும் வெறும் தண்ணீரைப் பார்த்துச் சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதைச் சொல்வது வேகம்.

இங்கே மாலுமிகளின் ஒரு குறுக்குவழி உதவும். 3 நிமிடம் 15 நொடியில் ஒரு கப்பல் எத்தனை நூறு மீட்டர் போகிறதோ, அத்தனை நாட் அதன் வேகம். அமெரிக்கர்கள் கெஜத்தில் அளந்ததால் அவர்களுக்குச் சரியாக 3 நிமிடம் போதும். இதே விதியை டார்பிடோவுக்குப் போட்டுப் பாருங்கள்: 30 நாட் வேகம், 3 நிமிடம் 15 நொடியில் 3,000 மீட்டர். அந்தத் தூரத்துக் கப்பலின் வேகத்தில் நான் ஒரே ஒரு நாட் தப்பாகக் கணித்தால், டார்பிடோ போய்ச் சேரும்போது கப்பல் நான் நினைத்த இடத்திலிருந்து 100 மீட்டர் விலகியிருக்கும். நடுவயிற்றைக் குறிவைத்திருந்தால் எனக்கு இரு பக்கமும் இருக்கும் இடம் 67 மீட்டர்தான். ஆரம்பத்தில் பல வாரங்கள் 3 கிலோமீட்டரிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தேன். ஏன் படவில்லை என்று டார்பிடோவைத் திட்டினேன். அதே ஒரு நாட் பிழை 1,000 மீட்டரில் 33 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கணக்கைத் திருத்துவதைவிடக் கிட்டே போவது சுலபம்.

அடுத்தது திசை. இதற்கு நாம் நம் இடத்தை விட்டு எதிரிக் கப்பலின் மேல்தளத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே நின்று கப்பலின் முன்முனையைப் பார்ப்பவர், எத்தனை டிகிரி தலையைத் திருப்பினால் நம் பெரிஸ்கோப் தெரியும்? அந்தக் கோணத்தை ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் ஆன் தி போ’ என்பார்கள். நான் முகக் கோணம் என்று வைத்துக்கொள்கிறேன். நம்மை நோக்கியே வந்தால் பூஜ்யம், முழுப் பக்கவாட்டைக் காட்டினால் 90. கொடிமரங்கள் ஒன்றையொன்று நெருங்கித் தெரிகின்றனவா, விலகித் தெரிகின்றனவா என்று பார்த்துக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும்.

70 டிகிரியையும் 90 டிகிரியையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். 70-இல் கப்பல் தன் முழு நீளத்தில் 94 சதவீதம் தெரியும், 70 டிகிரியின் சைன் மதிப்பு அதுதான். அந்த ஆறு சதவீதக் குறைவை அலையில் ஆடும் கண்ணாடி வழியே யார் கவனிப்பார்கள்? ஆனால் கணக்கு இங்கே கருணை காட்டுகிறது. டார்பிடோவை எவ்வளவு முன்தள்ளிச் சுட வேண்டும் என்பதற்கான சூத்திரத்திலும் அதே சைன் மதிப்புதான் வருகிறது. நம் லிபர்ட்டிக்கு 90 என்று நினைத்தால் 21.5 டிகிரி முன்தள்ள வேண்டும். 70 என்றால் 20.2. வித்தியாசம் 1.3 டிகிரி, 1,000 மீட்டரில் 23 மீட்டர். எந்த மயக்கத்தில் கண் ஏமாறுகிறதோ, அதே மயக்கம் பிழையையும் விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டில் காத்திருந்து சுடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை, அதில் நான் மோசம். கொடிமரத்தின் உயரம் கையேட்டில் இருக்கும். அது கண்ணில் எத்தனை டிகிரி உயரமாகத் தெரிகிறது என்று அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ‘சைலன்ட் ஹன்டர் 4’-இல் வரும் அமெரிக்க நீர்மூழ்கிகளில், கண்ணாடிக்குள் கப்பலின் இரட்டைப் பிம்பத்தை நகர்த்தி, ஒன்றின் நீர்மட்டத்தை மற்றொன்றின் கொடிமர உச்சியோடு பொருத்த வேண்டும். 30 மீட்டர் மரம் 3,000 மீட்டரில் ஏறத்தாழ முழுநிலவின் அகலமே தெரியும். 25 மீட்டர் மரத்தை 30 என்று தவறாக எடுத்தால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கப்பலை அடையாளம் காண்பதில் சறுக்கினால் எல்லாம் சறுக்கும்.

நிஜ ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவர்கள் இந்தத் தொல்லைகளைப் பல சமயம் சுற்றிக்கொண்டு போனார்கள். நீர்மட்டத்தில் அவர்களுடைய ஏழாம் வகை நீர்மூழ்கி 17 நாட்வரை ஓடும், சரக்குக் கப்பலைவிட வேகம். எனவே கொடிமர நுனிகள் மட்டும் அடிவானத்தில் தெரியும் தூரத்தில் பக்கத்துணைபோல் கூடவே ஓடுவார்கள். தூரமும் கோணமும் மாறாமல் நிலைக்கும்வரை தங்கள் வேகத்தையும் திசையையும் கூட்டிக் குறைப்பார்கள். மாற்றம் நின்றதும் தங்கள் மானியைப் பார்த்தால் போதும், எதிரியின் வேகம் அதுவே. அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் வணிக மாலுமிகள். விளையாட்டு அவர்கள் முகத்தைக் காட்டுவதில்லை. இதை எழுதும்போது அது உறுத்துகிறது.

மூடுபனியிலோ ஆழத்திலோ கண் உதவாது. நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியான ஹைட்ரோபோனில் சுழலியின் ‘டப் டப்’ மட்டும் கேட்கும். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது. நாம் நேர்கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் எத்தனை மணி நேரம் கேட்டாலும் தெரியாது. பக்கத்தில் மெதுவாகப் போகும் கப்பலும் தூரத்தில் வேகமாகப் போகும் கப்பலும் ஒரே கோணங்களைக் காட்ட முடியும்.

வழி, நாம் திரும்புவது. ரயிலுக்குள் ஏறி ஜன்னலைப் பார்த்தால் பக்கத்துக் கம்பங்கள் பறக்கும், தூரத்துப் பனைமரம் நகராது, அதே தத்துவம். முதலில் சத்தத்துக்குக் குறுக்கே இடப்பக்கம் 4 நாட், பிறகு திரும்பி வலப்பக்கம் 4 நாட் போங்கள். இரண்டு ஓட்டத்திலும் கோணம் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நிமிடத்துக்கு 3 டிகிரி என்றால், சத்தம் வரும் இடம் சுமார் 4,700 மீட்டரில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் எக்லண்ட் 1958-இல் வகுத்த முறை இது. உலகப் போர் நீர்மூழ்கிகளிடம் இந்தச் சூத்திரம் இல்லை. ஆனால் போர்க்கால விளையாட்டில் அதைப் போடாதே என்று என்னை யாரும் தடுக்கவில்லை.

ஒரு சமயத்தில் மட்டும் எந்தச் சூத்திரமும் வேண்டாம். சுழலிச் சத்தம் அதிவேகமாக அடிக்கிறது, கோணம் ஒரு டிகிரிகூட நகரவில்லை, ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆழத்துக்கு இறங்குங்கள். வருவது சரக்குக் கப்பல் அல்ல.