மலையில் தாங்கிய டயர் சமவெளியில் ஏன் வெடிக்கிறது?

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் காரட், உருளைக்கிழங்கு, பூண்டு முதலியவை விளைகின்றன. மூட்டைகளை ஏற்றிய வண்டிகள் மலைச்சாலையின் வளைவுகளில் மெல்ல இறங்கி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாகத் திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலையை அடைகின்றன. மலையில் இறங்கும்போது வண்டிக்குள் இருப்போர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்கள். நேரான, அகலமான சாலை வந்ததும் 'இனிப் பயமில்லை' என்று கண்ணயர்ந்து விடுவார்கள். ஆனால் காற்றுக் குறைந்த டயருக்கும் தேய்ந்த டயருக்கும் கடுமையான சோதனை அந்த நேர்சாலையில்தான் தொடங்குகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

நான்கு உள்ளங்கைகள்

ஆட்களுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 300 கிலோ எடையைத் தாங்குகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருக்கிறது. இது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோவாகும். 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் 143 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். உங்கள் கையை விரித்து மேசைமேல் வையுங்கள். அது மறைக்கும் இடம் ஏறக்குறைய இதே அளவு இருக்கும். காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்த நான்கு 'உள்ளங்கை'களின் உராய்வுதான்.

'காற்றைக் குறைத்தால் தொடும் பரப்பு கூடுமே! அது நல்லதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். பரப்பு கூடுவது உண்மையே. ஆனால் அப்போது டயரின் இரு ஓரங்களும் அதிகச் சுமையைத் தாங்க, நடுப்பகுதி போதிய அழுத்தமின்றி நிற்கிறது. பக்கச் சுவர்களும் தளர்ந்து விடுகின்றன. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினால், முதலில் டயர் பக்கவாட்டில் நெளிகிறது. பிறகுதான் வண்டி திரும்புகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. எதிர்பாராத இடையூறைக் கண்டு ஓட்டுநர் சட்டென விலக முயன்றால் வண்டி அலையத் தொடங்கும்.

காற்று அதிகமானாலும் தீங்குதான். தொடும் பரப்பு சுருங்கிப் பிடிப்புக் குறையும். டயரின் நடுப்பகுதி விரைவில் தேயும். ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி என்று பெரும்பாலும் டயரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

விநாடிக்குப் பதினைந்து முறை

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது சூடாகிறதல்லவா? டயருக்கும் இதே கதிதான். அதன் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்கி, விலகும்போது மீண்டும் நிமிர்கிறது. காரின் சக்கரச் சுற்றளவு சுமார் 1.85 மீட்டர். மலைச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு நான்கைந்து முறை இந்த நசுங்கல் நடக்கும். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதினைந்து முறை நடக்கும்!

காற்றுக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு நசுங்கலும் பெரிதாகிறது, வெப்பமும் மிகுகிறது. அளவுக்கு மீறிய சுமையும், வெயிலில் காய்ந்த சாலையும் சேர்ந்துகொண்டால், டயருக்குள் இருக்கும் இழை அடுக்குகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. கடைசியில் டயர் வெடிக்கிறது. மலையில் தாங்கிய டயர் சமவெளியில் வெடிப்பதற்கு இதுவே காரணம்.

மலை இறங்கினால் காற்றுக் குறையுமா?

காற்றுமானி காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டரில் உள்ளது. கீழே வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2.7 பவுண்டு அதிகம். எனவே மேலே 32 பவுண்டு நிரப்பிய டயர், கீழே அந்த அளவுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே வெப்பமும் அதிகம். மேலே 17 டிகிரி, கீழே 32 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், வெப்பத்தால் உள்ளழுத்தம் 2.2 பவுண்டு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்து விடுகின்றன! ஆகவே காற்றுக் குறைந்திருந்தால் மலைமேல் பழி போட முடியாது. நாள்பட்ட கசிவும் நம் கவனக்குறைவுமே காரணம்.

மழை பெய்தால்?

டயரின் மேல் உள்ள வரிப்பள்ளங்களின் வேலை நீரை வெளியேற்றுவது. புதிய கார் டயரில் இவை சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தேய்ந்து மொட்டையாகிப் போன டயர் நீரைத் தள்ள முடியாமல், தண்ணீர்ப் படலத்தின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை.

1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை ஆராய்ந்து இதற்கு ஓர் எளிய விதி தந்தார்கள். பவுண்டு கணக்கில் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். அழுத்தம் 36 என்றால் அந்த வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 25 என்றால் 83 கிலோமீட்டர்தான். காற்றுக் குறைவும் தேய்மானமும் ஒன்றுக்கொன்று துணை போவதைப் பாருங்கள்.

இந்தியாவில் கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் நாக்பூர்–மும்பை விரைவுச் சாலையில் 2023-இல் டயர்களைச் சோதித்து, தேய்ந்த டயருடன் வந்த வண்டிகளை நுழைவிடத்திலேயே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு டயர்கள்தான் வாங்க முடியும் என்றால் எங்கே மாட்டுவது? பலர் முன்னால் என்பார்கள். பின்னால் மாட்டுவதே நல்லது. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும்.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளின் பின் டயரில் ஈரச் சுண்ணாம்பு தடவி, அதைக் கட்டம் போட்ட தாளின்மேல் மெல்ல இறக்குங்கள். சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் அதில் ஏறி அமருங்கள். பிறகு தாளில் பதிந்த கட்டங்களை எண்ணுங்கள். காற்றைச் சிறிது இறக்கிவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது?

அடுத்த முறை வீட்டாருடன் வண்டியில் நெடும்பயணம் புறப்படும்போது, டயர்கள் குளிர்ந்திருக்கும் நேரத்திலேயே காற்றை அளக்கச் சொல்லுங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். காரின் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டையில், ஏற்றும் சுமைக்குத் தக்க அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சொல்லும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் எல்லோரும் வண்டியில் அமர்ந்திருக்கிறீர்கள்.