பன்னிரண்டு வருடப் பஞ்சாயத்து

ஜனக்புரி மேற்கு ஸ்டேஷனில் பெட்டியோடு மெட்ரோ ஏறுபவர், துவாரகா செக்டார் 21-ல் இறங்கி விமான நிலைய எக்ஸ்பிரஸுக்கு மாறுகிறார். சில நிமிடங்களில் மூன்றாவது டெர்மினல். இந்த எக்ஸ்பிரஸ் பாதைக்காக நடந்த சண்டை முடிய 12 வருடங்கள் பிடித்தன.

ஒப்பந்தம் போட்டது 2008-ல். கட்டுமானம் தில்லி மெட்ரோவின் பொறுப்பு. ரயிலை 30 வருடம் நடத்துவது ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் துணை நிறுவனம். 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய ரயில், 2012 ஜூலையில் நின்றது. பாலத்தின் பேரிங்குகளில் கோளாறு என்று கூறிய நிறுவனம், அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்தது. கோளாறு சரிசெய்யப்பட்டது, பாதுகாப்பு ஆணையரே சான்றிதழ் தந்துவிட்டார் என்றது மெட்ரோ. 2013 ஜனவரியில் ரயில் மீண்டும் ஓடியது.

வழக்கு மூன்று நடுவர்கள் முன் போனது. தொட்டதற்கெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்த 1940-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக, ஐ.நா.வின் 1985 மாதிரிச் சட்டத்தைத் தழுவி 1996-ல் வந்ததுதான் இப்போதைய நடுவர் சட்டம். உள்நாட்டுத் தகராறானாலும் வெளிநாட்டுத் தகராறானாலும் நடுவர் சொல்வதே முடிவு. கோர்ட் தலையிட மிகச் சில காரணங்களே உண்டு என்பது அதன் நோக்கம்.

நடந்ததோ வேறு. 2017 மே மாதம் நிறுவனத்துக்கு ரூ. 2,782 கோடியும் வட்டியும் தரச் சொன்னார்கள் நடுவர்கள். 2018-ல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்றார். 2019-ல் இரு நீதிபதிகள் ரத்து செய்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. கடைசி வாய்ப்பான சீராய்வு மனுவில், 2024 ஏப்ரல் 10 அன்று, தன் தீர்ப்பைத் தானே மாற்றியது உச்ச நீதிமன்றம். பாதுகாப்புச் சான்றிதழை நடுவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். அதற்குள் வட்டி ஏறித் தொகை ரூ. 8,000 கோடியை நெருங்கியிருந்தது.

தில்லி மெட்ரோவில் மத்திய அரசுக்கும் தில்லி அரசுக்கும் சம பங்கு. ஆகவே தப்பியது மக்கள் பணம். ஆனால் மூன்று முறை கோர்ட்டில் புரட்டப்படும் தீர்ப்பை நம்பி எந்த முதலீட்டாளர் கையெழுத்துப் போடுவார்? இந்தியாவை உலக நடுவர் மையமாக்க விரும்பும் அரசுக்கு இது சங்கடமான கேள்வி.

2024 ஜூனில் நிதி அமைச்சகம் அரசுத் துறைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது: அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில், ரூ. 10 கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு வழக்கம்போல் நடுவர் முறையைச் சேர்க்க வேண்டாம். சமரசம் பேசலாம், இல்லையேல் கோர்ட்.

கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்கத்தான் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது பெரிய தகராறுகளுக்குக் கோர்ட்டே தேவலை என்கிறது அரசு.