'இல்லை' என்று சொன்ன பாவம்!



நான் டி.பார்ம். படித்தவள். பதினாறு வருடமாக எங்கள் ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். இந்தப் பகுதியை ஒரு வாரம் கூட விடாமல் படிப்பவள் என்றாலும், எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது ஒரு பெண்ணின் கேள்வி. அந்தப் பெண்ணுக்காகவும், என் வேலைக்காகவும், என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன்.

அது 2021-ம் வருடம். கொரோனா ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம். சாயங்காலம் கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றிருந்த ஒரு பெண், மெதுவாக என் பக்கம் வந்தாள். முப்பது வயது இருக்கும். மில்லுக்குப் போகிறவள்.

"அக்கா... அந்த மாத்திரை இருக்கா? டி.வி.யில காட்டுவாங்களே, மூணு நாளைக்குள்ள போடணும்னு..."

அவள் கேட்டது அவசர கருத்தடை மாத்திரை. நர்ஸம்மா கொடுத்து வந்த மாலா-என் தீர்ந்து போய், ஊரடங்கில் அடுத்த அட்டை வாங்க முடியவில்லையாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். "அவரு சொன்னா கேக்க மாட்டாருக்கா" என்று சொல்லி விட்டு தலையைக் குனிந்து கொண்டாள்.

"இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு பில் போடத் திரும்பி விட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, சும்மா நின்றது போல் யாருக்கும் தெரியக் கூடாது என்றோ என்னவோ, ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையை வாங்கிக் கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்து இரும்புச் சத்து மாத்திரைக்கு சீட்டோடு வந்தாள். ஆளே பாதியாகி, முகமெல்லாம் வெளுத்திருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்றேன். நாள் தள்ளிப் போனதும் பயந்து போய், தெரிந்தவர் ஒருவர் மூலம் டாக்டர் சீட்டு இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். ரத்தப் போக்கு நிற்காமல், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

பணத்தைக் கொடுத்து விட்டு, கோபமே இல்லாமல் ஒன்று கேட்டாள். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னீங்களே அக்கா... எங்க போனா கிடைக்கும்னாவது சொல்லியிருக்கலாமே?"

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. படித்த படிப்பு எதற்கு என்று தோன்றியது.

சகோதரிகளே, இந்த மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியுமா? 2002-ல் மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்ட மாத்திரை இது. 2005-ல், டாக்டர் சீட்டு இல்லாமலேயே கடையில் விற்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். ஆனால் நம் தமிழ்நாட்டில் பல கடைகளில் கேட்டுப் பாருங்கள், 'இல்லை' என்ற பதில்தான் வரும். சட்டம் தடுக்கவில்லை, பயம்தான் தடுக்கிறது.

என்ன பயம்? கருக்கலைப்பு மாத்திரையும் இதுவும் ஒன்று என்று நினைக்கிற கடைக்காரர்கள் நிறைய பேர். கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, அது நியாயம். ஆனால் இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. இதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து 1.5 மில்லி கிராம். சினைமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப் போட்டு, கரு உண்டாகாமல் தடுக்கிறது. ஏற்கெனவே கரு தங்கி விட்டால் இது வேலை செய்யாது. அந்தக் கருவுக்கு இதனால் தீங்கும் கிடையாது.

என் மில்காரப் பெண்ணின் கதையைப் பாருங்கள். சீட்டு இல்லாமல் கிடைக்க வேண்டிய மாத்திரை அவளுக்குக் கிடைக்கவில்லை. சீட்டு இல்லாமல் கிடைக்கவே கூடாத மாத்திரை கிடைத்து விட்டது. இது என்ன நியாயம்?

அதன் பிறகு எங்கள் ஊர் லேடி டாக்டரிடம் போய், வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொண்டேன். அந்த நோட்டு 2023-ல் உதவியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். ஆணுறை கிழிந்து விட்டதாம். இந்த முறை நான் 'இல்லை' என்று சொல்லவில்லை. "எப்போம்மா?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை ராத்திரி" என்றாள். தெரிந்த மூன்று கடைகளுக்குப் போன் செய்தேன். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில், "அதெல்லாம் வம்புக்கா, நாங்க வைக்கிறதில்ல" என்று வைத்து விட்டார்கள். உடனே அவளை லேடி டாக்டரிடம் அனுப்பினேன். அவரிடமும் மாத்திரை தீர்ந்திருந்தது. ஆனால் அவர் வேறு வழி சொன்னார். ஐந்து நாளைக்குள் காப்பர்-டி போட்டுக் கொண்டால் அது மாத்திரையை விட நிச்சயமாகத் தடுக்கும், பல வருடத்துக்குப் பாதுகாப்பும் ஆகும் என்றார். திங்கட்கிழமை காலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதித்து இலவசமாகப் போட்டு விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வாங்க வந்தவள், சிரித்துக் கொண்டே, "நல்லா இருக்கேன்க்கா" என்றாள். எனக்கு அது போதும்.

என் நோட்டில் இருப்பதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள்.

2. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று போட வேண்டியிருக்கும். டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

3. பால் கொடுக்கும் தாய்மார்களும் போடலாம்.

4. அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கட்டாயம் பரிசோதனை செய்து பாருங்கள்.

5. காச நோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்பு நோய்க்கு சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லி விட வேண்டும். இவர்களுக்கு இந்த மாத்திரையின் பலன் குறைந்து விடும், காப்பர்-டி நல்லது.

6. இது அவசரத்துக்கு மட்டும்தான். நோய்த் தொற்றையும் தடுக்காது. மாதா மாதம் தேவைப்பட்டால் வழக்கமான முறை ஒன்றுக்கு மாறுங்கள். மாலா-என், காப்பர்-டி, 'சாயா' என்ற வார மாத்திரை எல்லாம் அரசின் இலவசத் திட்டத்தில் உள்ளவை. 'சாயா'வை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று போட வேண்டும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த நம் நாட்டு மாத்திரை இது. கடையில் கிடைக்கா விட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

7. கடையில் இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், அரசு ஆஸ்பத்திரி குடும்ப நலப் பிரிவு என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தால் ஆலோசனை சொல்வார்கள். எங்கேயும் கிடைக்கா விட்டால், வழக்கமான கருத்தடை மாத்திரையையே அவசரத்துக்குக் கொடுக்கும் முறை டாக்டர்களுக்குத் தெரியும். நீங்களாகக் கணக்குப் போட்டுச் சாப்பிட வேண்டாம்.

8. நாள் தள்ளிப் போய், கரு தங்கி விட்டது என்றே தெரிந்தாலும் கண்ட இடத்தில் மாத்திரை வாங்காதீர்கள். சட்டப்படி அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தடை முறை பலிக்காமல் போனதும் சட்டம் ஒப்புக் கொண்ட காரணம்தான்.

இதையெல்லாம் எழுதினால், "இப்படி எல்லாம் சுலபமாகக் கிடைத்தால் பெண் பிள்ளைகள் கெட்டுப் போக மாட்டார்களா?" என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் முதலாளி அண்ணனும் அதைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "அண்ணே, நம்ம கடைக்குக் கேட்டு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு கல்யாணமானவங்க, கைக்குழந்தைக்காரங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு ஒருத்தி வந்தாலும், நாம இல்லைன்னு சொன்னா நடந்தது நடக்காமப் போயிடுமா? இன்னும் பெரிய கிணத்துல போய் விழுவா, அவ்வளவுதானே?"

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம், "பில்லு சரியா இருக்கணும். யாரு வந்து கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும்" என்றார். ஏஜென்சிக்காரர், "இந்தப் பக்கம் யாரும் எடுக்கிறதில்லையே" என்று இழுத்தடித்தார். இரண்டு மாதம் விடாமல் கேட்டு வாங்கி வைத்தோம். இன்ஸ்பெக்டர் வந்தார், பில்லைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். ஒரு இளைஞர் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்து கேட்டார். "தம்பி, இது தினசரிக்கு இல்ல. அந்தப் பொண்ணை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆணுறை இதோ இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தேன். முகம் சிவந்து வாங்கிக் கொண்டு போனார். மாத்திரையோடு இரண்டு நல்ல வார்த்தை சொல்லத்தானே படித்தவர் ஒருவரைக் கடையில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் சகோதர, சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதலாளி வாங்கி வைக்கா விட்டால் அது உங்கள் குற்றமில்லை. ஆனால் 'இல்லை' என்பதோடு நிறுத்தி விடாதீர்கள். "இல்லம்மா, ஆனா இன்ன இடத்துக்குப் போ, இன்னைக்கே போ" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

வாசகியருக்கும் ஒன்று. உங்கள் ஊர் கடையில் போய் வெட்கப்படாமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். ஓரமாக நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கிற யாரோ ஒருத்திக்குத் தேவைப்படும்.

அந்த மில்காரப் பெண் இப்போதும் எங்கள் கடைக்கு வருகிறாள். காப்பர்-டி போட்டுக் கொண்டு, உடம்பு தேறி நன்றாக இருக்கிறாள். அவளைப் பார்க்கும் போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மதுரை மாவட்டம்.