வீட்டுக்குள் கடல்: தொட்டியும் தொடும் கைகளும்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கலாமா என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. கொளத்தூர் வண்ணமீன் சந்தை அருகிலேயே இருப்பதால் மீன்வளர்ப்பு இப்பகுதிக்குப் புதிதன்று. எனினும் பவளப்பாறைத் தொட்டி பொறுமையும் பணமும் மிகுதியாகக் கேட்கும்.

ஆர்.ஓ. நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். மீனை உடனே விடலாகாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்கு நன்னீரே சேர்க்க வேண்டும். வெப்பநிலை 25, 26 டிகிரியில் நிற்க, சென்னைக் கோடையில் குளிரூட்டும் கருவி தேவை; மின்கட்டணத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. பாறை உருவாக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று எவரேனும் விற்றால் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையே போதும்.

மருத்துவர்களாகிய எங்கள் கவலை வேறு. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்பது காசநோய்க் கிருமியின் உறவினம். 1926இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களில் இது கண்டறியப்பட்டது. கையிலுள்ள சிறு கீறல் வழியாக நுழைந்து, சில வாரங்கள் கழித்தே வலியற்ற சிவந்த கட்டியாகத் தோன்றும். சில வேளைகளில் முன்கை வரை வரிசையாகப் பரவும். கொப்புளம் என்று எண்ணிச் சாதாரண மாத்திரை உண்டால் ஆறாது. சரியான சிகிச்சைக்குப் பல மாதங்கள் தேவைப்படும். இக்கிருமி ஏறத்தாழ 30 டிகிரியில்தான் நன்கு வளரும்; வழக்கமான 37 டிகிரிச் சோதனையில் தப்பிவிடக்கூடும். ஆகவே ஆறாத புண்ணோடு வரும்போது, "வீட்டில் மீன்தொட்டி உண்டு" என்று நீங்களே சொல்லுங்கள். எந்த இரத்தப் பரிசோதனையையும்விட அந்த ஒரு வரி எங்களுக்கு உதவும்.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும், கீமோதெரபி அல்லது ஸ்டீராய்டு பெறுவோரும் தொட்டியைக் கண்டு மகிழட்டும். கை நனைக்க வேண்டாம். கழுவுவோர் முழங்கை வரை உறை அணியட்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீரை இறக்காதீர்கள். சமையலறைத் தொட்டியில் பாறையைக் கழுவாதீர்கள். சோவாந்திட் என்னும் பூப்போன்ற உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை படிந்த பாறையின்மீது கொதிநீர் ஊற்றினால் ஆவியோடு நஞ்சும் கலந்து மூச்சுத்திணறலும் காய்ச்சலும் உண்டாகலாம். அவ்வாறு நேர்ந்தால் அனைவரும் வெளியேறி, உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.